தூங்கும் அறைக் கேமரா

கையில் கிடைத்ததையெல்லாம் திறந்து பார்க்கும் பழக்கத்தால் அவனுக்கு நோண்டி என்று பெயர். அதை வைத்தது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கேமரா கடையும் மச்சானுடையதுதான். ஏணி தூக்குவது, சுவரில் துளை போடுவது, ஒயர் இழுப்பது எல்லாம் நோண்டி. நாற்காலியை விட்டு எழாமல் போனிலேயே "முடிச்சிரலாம் மேடம், நீங்க கவலைய விடுங்க" என்று சொல்வது மச்சான். இந்தப் பங்கீட்டில் நோண்டிக்குப் பெரிய மனக்குறை எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எதைத் திறந்து பார்ப்பது?

அன்றைக்குப் பதினோரு மணிக்குமேல் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. காப்பகத்தை நடத்துகிற மேடம் பேசினார்.

"தம்பி, தூங்குற ரூம் கேமரா பதிவு மொத்தத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டுப் போங்க. கேள்வி எதுவும் கேக்காதீங்க, வந்து எடுத்துக் குடுங்க, போதும்."

நோண்டியிடம் போய்க் கேள்வி கேட்காதே என்பது மீனிடம் நீந்தாதே என்பது மாதிரி. அரை மணி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான்.

காப்பகம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். முன்னால் மேடத்தின் சின்ன அலுவலக அறை, அடுத்து கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் கத்தி விளையாடும் கூடம், கடைசியில் கைக்குழந்தைகள் தூங்கும் அறை. அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு, அதைத் திறந்தால் துணி காயப்போடும் முற்றம். மதியச் சாப்பாடு முடிந்ததும் சின்னதுகளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து, ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கூடத்துப் பக்கக் கதவை யாரும் திறக்கக்கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் போதும், ஒன்று சிணுங்கும், அதைப் பார்த்து எல்லாம் சிணுங்கும். கேமராவில் இருட்டில் பார்ப்பதற்கென்றே உள்ள சிவப்பு விளக்குகளைக்கூட மேடம் அணைக்கச் சொல்லியிருந்தார். ஒரு குழந்தை அதைப் பார்த்து "கண்ணு, கண்ணு" என்று அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டாராம்.

மேடம் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஆயாம்மாவை இன்னிக்கோட அனுப்புறேன். அதுக்கு ஆதாரம் வேணும்."

நோண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூங்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் அந்தம்மாவை அவனுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு, அதிர்ந்து பேசாத வாய். கேமரா மாட்ட வந்த அன்று, ஏணி ஆடாமல் கடைசிவரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

"அவங்க என்ன மேடம் பண்ணாங்க?"

"கேள்வி கேக்காதீங்கன்னேன்ல?" என்று முறைத்த மேடம், அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அடக்கி அடக்கி வைத்திருந்திருப்பார் போல.

விஷயம் இதுதான். அந்தக் கேமரா எடுக்கும் படம் பெற்றோர்களின் போனுக்கும் நிமிஷத்துக்கு ஒன்றாகப் போகும். புதிதாகச் சேர்ந்த குண்டப்பனின் அம்மா ஆபீசில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். குண்டப்பன் என்பது காப்பகம் முழுக்க அவனைக் கூப்பிடும் பெயர். ஒன்றரை வயது, எடை மட்டும் மூன்று வயதுக்கு. படத்தில் அவன் படுக்கை காலி. ஆயாம்மாவும் இல்லை. மற்ற குழந்தைகள் தங்கள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கின்றன. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

"நான் கேட்டேன். 'அவன் படுக்கையிலதான் தூங்குறான் மேடம், நானும் ரூமை விட்டு நகரலை'ன்னு சத்தியம் பண்றாங்க. கேமரா பொய் சொல்லுமா? பின்கதவு வழியா பிள்ளையைத் தூக்கிட்டு எங்கயோ போறாங்க தம்பி. எங்க போறாங்க, எதுக்குப் போறாங்க? அந்தப் பொண்ணு போலீசுக்குப் போகணும்னு நிக்கிறா. மத்தியானம் வரேன்னிருக்கா."

"நீங்க கதவைத் திறந்து பாக்கலையா?"

"நேத்து பார்த்தேன். ரெண்டு பேரும் இருந்தாங்க. அவன் படுத்துச் சிணுங்கிக்கிட்டிருக்கான், இவங்க பக்கத்துல உக்காந்து தட்டிக்கிட்டிருக்காங்க. நான் வர்ற செருப்புச் சத்தம் கேட்டு ஓடி வந்திருப்பாங்க, வேறென்ன?"

நோண்டி மடிக்கணினியைத் திறந்து முந்தின நாள் பதிவை ஓடவிட்டான்.

படம் பிரமாதமாக இருந்தது. அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது. திரை மூடிய இருட்டறை, விளக்கும் இல்லை, சிவப்பு வெளிச்சமும் இல்லை. ஆனால் படத்தில் பட்டப்பகல் மாதிரி தெரிகிறது. சுவரில் ஒட்டியிருந்த யானையின் தந்தத்தைக்கூட எண்ணிவிடலாம். அவன் மாட்டிவிட்டு வந்தபோது இவ்வளவு வெளிச்சம் இல்லையே?

ஆரம்பத்தில் ஆயாம்மா தெளிவாகத் தெரிந்தார். குண்டப்பன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அவன் கையைக் காலை உதைத்தான். உதைத்த கால் பஞ்சு மாதிரி கலங்கித் தெரிந்தது. பிறகு ஆயாம்மா எழுந்தார். எழுந்தாரா என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்தார், இல்லை. அவரோடு குண்டப்பனும் இல்லை. காலிப் படுக்கையில் தலையணையின் பள்ளம் மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"பாத்தேன்" என்றான் நோண்டி. ஆனால் நிறுத்தவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். வெறும் அறையை இவன் இப்படி முழுங்குகிற மாதிரி பார்ப்பது மேடத்துக்கு எரிச்சலாக இருந்தது.

"என்னத்த தம்பி பாக்குறீங்க? அதான் யாருமே இல்லையே."

"அப்ப அந்தப் போர்வையை யாரு இழுத்து விட்டா மேடம்?"

ஜன்னலோரம் படுத்திருந்த குழந்தை உருண்டதில் போர்வை காலுக்குக் கீழே போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது வயிற்றுவரைக்கும் ஏறியிருக்கிறது. குழந்தை புரளவே இல்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டினான். வாயிலிருந்து விழுந்து கிடந்த ஒரு ரப்பர் சூப்பான் தலையணைக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. காற்றாடி நின்றிருந்தது. விலகிக் கிடந்த ஜன்னல் திரை ஒழுங்காக மூடியிருந்தது. ஆளே இல்லாத அறையில் வேலை மட்டும் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மேடம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தம்பி, என்ன இது? பயமுறுத்தாதீங்க."

நோண்டிக்குப் பயம் இல்லை. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, திரைக்கு மூக்கு ஒட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தான். சாம்பல் நிற ஜன்னல் திரைக்கு முன்னால், ஊதினால் கலையும் புகை மாதிரி, ஏதோ ஒரு மங்கல். கண்ணாடியில் அழுக்கோ என்று மடிக்கணினியைத் துடைத்துக்கூடப் பார்த்தான். இருந்தது.

"மேடம், ஆயாம்மா போடுற கோட்டு என்ன கலர்?"

"அதே ஜன்னல் திரைத்துணிதான். நிறைய மிஞ்சிச்சு, வீணாக்குவானேன்னு அதுலயே தெச்சுட்டேன்" என்றார் மேடம். மிச்சத்தை வீணாக்காத பெண்மணி.

நோண்டி உடனே மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், காப்பகத்துக் கேமராவுல ஷட்டரைத் தொட்டீங்களா?"

"ஆமாப்பா, இங்கிருந்தே தொட்டேன். அந்த மேடம் இருட்டா இருக்கு, புள்ளி புள்ளியா இருக்குன்னு ஒரு வாரமா என் உசுர எடுத்துச்சு. ஷட்டரைக் கடைசிவரைக்கும் இழுத்துவிட்டேன். புள்ளியைத் துடைக்கிறதையும் முழுசா ஏத்திவிட்டேன். எப்படி? பளிச்சுன்னு இருக்கா? அதுக்கப்புறம் அங்கேருந்து ஒரு போன் வந்திருக்குமா சொல்லு!"

"நல்லா பண்ணீங்க மச்சான்" என்று சொல்லி வைத்தான் நோண்டி. அதில் இருந்த குத்தல் மச்சானுக்கு உறைத்திருக்காது. அவருக்கு எதுவும் உறைக்காது.

மேடத்துக்கு விளக்க வாயைத் திறப்பதற்குள் குண்டப்பனின் அம்மா வந்துவிட்டாள். ஆபீஸ் அடையாள அட்டைகூடக் கழுத்தில் அப்படியே தொங்கியது. கண்ணைச் சுற்றிக் கருவளையம். கைப்பையை மட்டும் மேசைமேல் வைத்தாள், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மேடம், எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. என் பிள்ளையை எங்க கொண்டு போறாங்கன்னு மட்டும் தெரியணும். அவன் அப்பாவையும் ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லியிருக்கேன். இங்கேருந்து நேரா அங்கதான்."

மேடம் சமாதானம் சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. நோண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். அவள் நின்ற இடத்திலேயே இடது காலுக்கும் வலது காலுக்குமாக மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் வெறுங்கை. ஆனால் உடம்பு ஒரு பிள்ளையைத் தோளில் போட்ட மாதிரி ஆடியது. அவன் மனைவியும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஆடுவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, பால் காயும்போது, மாமியாரோடு சண்டை போடும்போதுகூட. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நின்றது.

"அக்கா, ஒரு விஷயம். உங்க பையன் படுத்தா தூங்கிடுவானா?"

"தூங்கிடுவான்." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது. "சேக்கும்போதே எழுதிக் குடுத்திருக்கேனே. படுத்ததும் தூங்கிடுவான்." சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினாள்.

நோண்டி அதற்குமேல் வாயைப் பிடுங்கவில்லை. மடிக்கணினியில் அந்த நிமிஷத்து நேரடிப் படத்தைக் கொண்டுவந்தான். சாப்பாடு முடிந்து சின்னதுகள் எல்லாம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பட்டப்பகல் மாதிரி பளிச்சென்று அறை. வரிசையாகத் தூங்கும் குழந்தைகள். குண்டப்பனின் படுக்கை காலி. ஆயாம்மா இல்லை.

"இதோ! இப்பவும் இல்ல!" தாய்க்காரி கதவை நோக்கிப் பாய்ந்தாள். மேடமும் பின்னால் எழுந்தார்.

நோண்டி இரண்டு எட்டில் போய் வாசலை மறித்துக்கொண்டான். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் இப்படிக் குறுக்கே நின்றது அவன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"அக்கா, கையெடுத்துக் கும்பிடுறேன், ஒரே ஒரு நிமிஷம். இப்ப நீங்க கதவைத் திறந்தா அவங்க பயந்துபோய் அவனைக் கீழ படுக்க வெச்சிருவாங்க. அப்புறம் என்ன சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க. படத்துலயே பாருங்க. இல்லேன்னா நானே உங்ககூட ஸ்டேஷனுக்கு வரேன்."

அவள் நின்றாள். அவன் சொன்னது புரிந்து நின்றாளா, அவன் முகத்தைப் பார்த்து நின்றாளா, தெரியவில்லை.

"கேமராவுக்குக் கண்ணு திறந்து மூடுறதுதான் ஷட்டர்" என்று சொல்லிக்கொண்டே விரல்களை ஓட்டினான். "இருட்டுல கொஞ்சம் நேரம் கூட திறந்து வெச்சா வெளிச்சம் சேரும், படம் பளிச்சுன்னு வரும். எங்க மச்சான் ஒரு முழு நொடி திறந்து வெச்சிருக்காரு. அந்த ஒரு நொடியில படுத்திருக்கிறவங்க படுத்த எடத்துலயே இருப்பாங்க, அழகா விழுந்துருவாங்க. நடக்கிறவங்க? இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு எல்லா எடத்துலயும் தேஞ்சு, எங்கயுமே தெரியாம போயிடுவாங்க. மிச்சம் இருக்கிற புகையையும் அழுக்குன்னு நெனச்சுக் கேமராவே துடைச்சிடும்."

ஷட்டர் நேரத்தைக் குறைத்தான். படம் மாலையானது. இன்னும் குறைத்தான். இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் யானை காணாமல் போனது. மேடம் "ஐயோ, எதுவுமே தெரியலையே" என்றார். புள்ளி துடைப்பதையும் குறைத்தான். திரை முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கி, ஷட்டரை இன்னும் ஒரு படி இறக்கினான்.

மணலுக்குள் ஒரு ஆள் நடந்தது.

ஜன்னலிலிருந்து சுவர்வரைக்கும், சுவரிலிருந்து ஜன்னல்வரைக்கும். சாம்பல் கோட்டு. தோளில் ஒரு பெரிய மூட்டை. மூட்டையிலிருந்து ஒரு கொழுத்த கால் தொங்கி ஆடியது. ஆயாம்மா ஒரு குழந்தை பக்கத்தில் நின்றார். நின்றாலும் இடுப்பு ஆடிக்கொண்டே இருந்தது. கை இரண்டும் குண்டப்பனுக்கு என்பதால் கால் விரலாலேயே போர்வையைக் கவ்வி, மெதுவாக இழுத்து, அந்தக் குழந்தையின் வயிற்றில் விட்டார். திரும்பி நடந்தார்.

நோண்டிக்குக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு பக்கம், இந்த அம்மாவைப் போய் இன்றைக்கு வாசலுக்கு வெளியே தள்ளப் பார்த்தார்களே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

மேடம்தான் மெல்லச் சொன்னார். "தூக்கி வெச்சுத் தூங்கவைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். பழகிடும், அப்புறம் எல்லாம் தோளைக் கேக்கும்னு. அதுக்குப் பயந்துதான் என்கிட்ட மறைச்சிருக்காங்க."

தாய்க்காரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து போனாள். மேடமும் நோண்டியும் பின்னால் போனார்கள்.

கதவு திறந்ததும் நோண்டி சொன்னது அப்படியே நடந்தது. மேடத்தின் தலையைப் பார்த்த மாத்திரத்தில் ஆயாம்மா வெலவெலத்துப் போய்க் குண்டப்பனைப் படுக்கையில் கிடத்திவிட்டார். முதுகு படுக்கையைத் தொட்டதும் அவன் வீறிட்டான். அந்த உடம்புக்கு ஏற்ற குரல். ஜன்னலோரத்துக் குழந்தை சிணுங்கியது. அடுத்தது புரண்டது.

தாய்க்காரி ஓடிப்போய் அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஜன்னலிலிருந்து சுவர்வரைக்கும், சுவரிலிருந்து ஜன்னல்வரைக்கும். ஆயாம்மா நடந்த அதே நடை. குண்டப்பன் இரண்டு விக்கல் விக்கி அடங்கினான்.

"மேடம், மன்னிச்சிருங்க" என்று ஆயாம்மா கிசுகிசுத்தார். "எங்கயும் கொண்டு போகல. இந்த ரூமுக்குள்ளதான்... நின்னா முழிச்சிக்கிறான்."

"தெரியும்" என்றாள் தாய்க்காரி, நடந்துகொண்டே. "எனக்குத் தெரியாதா? ராத்திரி பூரா நான்தானே நடக்கிறேன். மூணு காப்பகத்துல இவன் வேணாம்னு சொல்லிட்டாங்க. அதான் படுத்ததும் தூங்கிடுவான்னு எழுதிக் குடுத்தேன். பொய்தான். நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா இவனையும் அனுப்பிருவாங்க, என்னையும் அனுப்பிருவாங்களேம்மா."

மேடம் தரையைப் பார்த்தார்.

"நீங்க பொய் எழுதினது எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார் ஆயாம்மா, தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டு. "உங்க தோள்ல அவன் வந்த தினுசுலயே தெரிஞ்சிருச்சு. குடுங்க, நான் பாத்துக்கிறேன். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

நடக்க நடக்கவே பிள்ளை கைமாறியது. தாய்க்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மேடம் கதவைச் சத்தமின்றிச் சாத்திவிட்டு நோண்டியைக் கூட்டிக்கொண்டு அலுவலக அறைக்கு வந்துவிட்டார்.

நோண்டி மறுபடி அமைப்புகளில் மூழ்கினான். ஷட்டரை ஒரு படி ஏற்றினால் வெளிச்சம் வருகிறது, ஆயாம்மாவின் முகம் கலங்குகிறது. ஒரு படி இறக்கினால் முகம் நிற்கிறது, யானை போய்விடுகிறது.

"யானை எங்கயும் ஓடிடாது" என்றார் மேடம். "ஆள் தெரியட்டும். பெத்தவங்க இருட்டா இருக்குன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். உங்க மச்சானை மட்டும் இதைத் தொட விடாதீங்க."

"அவரு நாற்காலியை விட்டு எழுந்திரிச்சாக்கூடப் பரவாயில்ல மேடம். எழுந்திரிக்காமயே தொடுறாரு, அதான் பிரச்சனை."

மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையை உற்றுப் பார்த்தவர், "இது என்ன தம்பி?" என்று விரலை வைத்தார்.

சுவரோரம் ஒரு குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் ஏதோ நீளமாகத் தெரிந்தது. நோண்டி பெரிதாக்கினான். குண்டப்பனின் அம்மா. சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து, கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து அட்டை தரையில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் தூங்கும் பிள்ளைகளுக்கும் அவளுக்கும் அளவைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

"எழுப்பவா மேடம்? அவங்களுக்கு ஆபீஸ் இருக்குமே."

மேடம் பதில் சொல்வதற்குள் மேசைமேல் அவள் விட்டுப்போன கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று மேடம் ஒரு கணம் யோசித்தார். மறுபடி அதிர்ந்தது. எடுத்தார். எதிர்முனையில் ஒரு ஆண் குரல், நோண்டிக்கே கேட்கும் அளவுக்குக் கத்தியது.

"எங்க இருக்க? நான் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். பிள்ளை கிடைச்சானா, இல்லையா?"

"நான் காப்பகத்துலேருந்து பேசுறேன்" என்றார் மேடம், தாழ்ந்த குரலில். "பிள்ளை இங்கதான் இருக்கான், தூங்குறான். எங்கயும் போகல. தப்பு எங்க கேமராவுல. நீங்க வீட்டுக்குப் போங்க."

"அவ எங்க? அவகிட்ட குடுங்க."

"அவங்களும் தூங்குறாங்க."

"தூங்குறாளா? பகல்லயா? எழுப்புங்க மேடம், நான் வேலையைப் போட்டுட்டு வந்து நிக்கிறேன்!"

மேடம் திரையைப் பார்த்தார். சாம்பல் கோட்டு ஜன்னலிலிருந்து திரும்பிச் சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் தாய்க்காரி புரளாமல் கிடந்தாள்.

"எழுப்ப முடியாது சார்" என்றார். "சாயங்காலம் நீங்களே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கு ராத்திரி பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நீங்க நடங்க. எப்படி நடக்கணும்னு ஆயாம்மா சொல்லித் தருவாங்க."

இந்தத் தடவை எதிர்முனைக் குரல் ஏறவில்லை.

"ராத்திரியெல்லாம் அவ நடக்குறாளா?" என்றான் அவன்.